அலுமாரிக்கு மேலே ஒரு அந்தூரியம்

கல்லடி
08.12.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் சுகம். உங்களுடைய சுகமும் பிள்ளைகள் விஜிதரன், சிவானுஜா இருவருடைய சுகமும் அறிய ஆவல். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். காதுக் கருவியோடு தொலைபேசியை வைத்தால் இரண்டும் சேர்ந்து கூவுகின்றன. போன முறை நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் ‘ஓம்’ என்றேனாம். ஓமென்று சொல்லக்கூடாதவையும் அதில் இருந்ததாகப் பிறகு அறிந்தேன். ஆகவே எழுதுகிறேன்.

கார்த்திகை மழை விறாந்தைக்குள் அடித்ததால் நேசம்மாவின் சாடிகளை எல்லாம் முன் அறைக்குள் எடுத்து, யன்னல்களைச் சாத்திவிட்டேன். கதவடியில் வைத்த சிவப்பு அந்தூரியத்தின் இலையில் போன கிழமை ஒரு மண்ணிறப் பொட்டைக் கண்டேன். இப்போது அது வளையமாக விரிந்திருக்கிறது. நடுப்பகுதி காய்ந்து, சுற்றிவர மஞ்சள் பூத்திருக்கிறது. நீங்களே பார்க்க வேண்டும் என்பதற்காக அந்த இலையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் கவனிக்காமல் விட்டேன் என்று எண்ண வேண்டாம். நேசம்மா இருந்தபோது செய்தது போலவே வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையையும் துடைக்கிறேன். கதவடியில் தொடங்கி யன்னலடியில் முடிப்பேன். ஒரு இலையும் விடுபடுவதில்லை.

இதை உங்களுக்கு அறிவிப்பது என் கடமை என்று நினைத்தேன். இந்த வீட்டை உங்கள் அக்கா நேசம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தவர் உங்கள் அம்மா. எங்களுக்குப் பிள்ளை இல்லாதபடியால் அது உங்கள் பக்கம் திரும்ப வேண்டியது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் நேசம்மாவின் முப்பத்தோராம் நாள் அமுதன்று, எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். நீதிமன்றத்தில் மற்றவர்களுடைய சொற்களை மொழிபெயர்த்தே காலம் கழித்தவன் நான். அதனால் அது அப்படியே நினைவில் நிற்கிறது: “அக்காட செடி உசிரோட இருக்கிற மட்டும் அத்தானை வீட்டை விட்டு எழுப்ப மாட்டன்.”

தீபாவளிக்கு முன் தம்பி விஜிதரன் வந்தபோது செடிகளுக்கு ஏதும் மருந்து போட்டானா என்று கேட்டு எழுதுவீர்களா? வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
பாலசுந்தரம்


பழுகாமம்
17.12.2024

அத்தானுக்கு,

கடிதம் கிடைச்சுது. கடிதத்துக்குள்ள இலை எதுக்கு? கவரைத் திறந்தவுடனே மண்ணிறமா ஒண்டு மடியில விழுந்தது. பூரானெண்டு கத்திப்போட்டன். மறுகா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா அக்காட அந்தூரியம். வருத்தக்கார இலையைத் தபாலில அனுப்புற ஆளை இப்பதான் காணுறன். என்ட முத்தத்திலயும் செடி இருக்கு. தெரியாமத்தான் அனுப்பினீங்களா?

விஜிதரன் மருந்து போட்டானா எண்டு கேட்டிருக்கிறீங்க. வேறு அர்த்தம் இல்லையாம். அர்த்தம் இல்லாம நீங்க ஒரு சொல்லும் எழுத மாட்டீங்க அத்தான். அவன் பாசிக்குடா ஹோட்டல்ல வெள்ளைக்காரருக்குக் கதிரை இழுத்துப் போடுறவன். அவனுக்கும் செடி மருந்துக்கும் என்ன?

எனக்கும் ஒரு கேள்வி இருக்கு. வாகரையில இருந்து உங்கட தம்பிட மகன் வந்து நிண்டானாம். முன் அறையை நாடா பிடிச்சு அளந்தானாம். கல்லடியில எனக்கு ஆக்கள் இல்லையெண்டு நினைக்க வேணாம். ஆரும் வீடு அளக்கிறது எதுக்கெண்டு எனக்கும் தெரியும்.

சிவானுஜாக்கு ஒரு கலியாணம் பேசி வருது. மாப்பிள்ளை பகுதி, “டவுன் பக்கம் உங்களுக்கொரு வீடு இருக்காமே” எண்டு கேட்டாங்க. நான் வாய் திறக்கல்ல. இந்த நேரம் பார்த்துச் செடி வாடுதெண்டு கடிதம் வந்தா நான் என்ன நினைக்க? “நான் முதலே அறிவிச்சனான்” எண்டு நாளைக்குச் சொல்றதுக்கா?

பத்தினிப்பிள்ளை


கல்லடி
26.12.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். என் தம்பியின் மகன் அறையை அளக்கவில்லை, அறையின் ஒரு சுவரை அளந்தான். சாடிகளை வைக்க மரத்தட்டு அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். தட்டு இன்னும் வரவில்லை. வராததால் நான் சொல்வதற்குச் சான்று இல்லை என்பதும் எனக்குத் தெரிகிறது.

இப்போது இரண்டாவது, மூன்றாவது அந்தூரியங்களிலும் பொட்டுகள் வந்துவிட்டன. வெயில் சுட்டதா என்று பார்த்தேன். அறைக்குள் வெயிலே இல்லை. பூச்சியா என்று பூதக்கண்ணாடியால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பூச்சியும் இல்லை. மூலையில் இருக்கும் பிகோனியாவில் இன்னொன்று: இலைமேல் யாரோ மா அள்ளித் தூவியதுபோல வெள்ளைத் தூள். துடைத்தேன், போனது. அடுத்த கிழமை அதே இலையில் அதே தூள்.

எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனாலும் எழுதுகிறேன். விஜிதரன் வந்த அன்று நான் தேநீர் எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தபோது அவன் சிவப்பு அந்தூரியத்தின் மேல் குனிந்து நின்றான். கையில் சின்னக் கத்தி. பக்கத்தில் ஒரு பொலித்தீன் பை. என்னைக் கண்டதும் பையைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். “சாடியில புல்லு பெரியப்பா” என்றான். அந்தச் சாடியில் புல் இருக்கவில்லை. நான் முதல்நாள்தான் பிடுங்கியிருந்தேன்.

அவன் குனிந்து நின்ற அதே சாடியில்தான் நோய் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து வரிசையாக, ஒன்றையும் தாண்டாமல், யன்னலை நோக்கிப் போகிறது. நோய்க்கு வரிசை தெரியுமா? மனிதனுக்குத்தான் தெரியும். நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன். என் கண்ணும் முன்போல இல்லை.

இப்படிக்கு,
பாலசுந்தரம்


பழுகாமம்
04.01.2025

அத்தானுக்கு,

கடிதத்தைப் பிள்ளைகளுக்கு முன்னால வாசிச்சன். விஜிதரன் விழுந்து விழுந்து சிரிச்சான். “அம்மா, பெரியப்பா கோட்டில இருந்து இன்னும் வீட்ட வந்து சேரல்ல” எண்டான். “சிரிக்காத அண்ணா, அடுத்த கடிதத்தில உன்னைக் கூட்டில ஏத்துவார்” எண்டாள் சிவானுஜா. எனக்குச் சிரிப்பு வரல்ல. அவனுக்குச் சின்னவயதில நீந்தப் பழக்கினது நீங்க. அவனையா?

கத்தி கொண்டு வந்தது மெய். பையும் மெய். புல்லு பொய். எதுக்கெண்டு இப்ப சொல்ல மாட்டன். அதுக்கொரு காலம் இருக்கு. நஞ்சு வைக்க வரல்ல எண்டு மட்டும் சொல்றன். நம்பினா நம்புங்க, நம்பாட்டி விடுங்க.

ஒரு சங்கதி. நீங்க அனுப்பின இலையை நான் அடுப்பில போடப் பார்த்தன். மறுகா மனம் கேக்கல்ல. பையில கட்டி வைச்சிருந்து, எங்கட வட்டையில நெல்லுப் பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியர் யசோதினியிட்டக் காட்டினன். பிள்ளை இலையைப் பிடிச்ச பிடியிலேயே சொல்லிற்றாள், பங்கசு, பூஞ்சண நோய் எண்டு. வளையம் வளையமா விரியிறதும் மஞ்சள் கரையும்தான் அடையாளமாம். பிகோனியாட தூளைப் பற்றிக் கேட்டன். “துடைச்சாத் திரும்ப வருதோ அம்மா? அப்ப அது ஆரும் தூவின தூள் இல்ல, உயிர்” எண்டாள். அது வேற பங்கசாம். ஒண்டில இருந்து மற்றது வரல்லையாம்.

அந்தூரியத்தில பொட்டு வந்த இலையெல்லாம் காம்போட வெட்டி எரிக்கட்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை ஸ்பிரித்துப் போட்டுத் துடைக்கட்டாம். சாடிகளைத் தள்ளித் தள்ளி வைச்சு யன்னலைத் திறக்கட்டாம். தண்ணியை வேரில மட்டும் ஊத்தட்டாம், இலை நனையவே கூடாதாம். மிச்ச இலைக்கு மங்கோசெப் மருந்து அளவாத் தெளிச்சுக் காய விடட்டாம். பிகோனியாக்கு ஒரு லீற்றர் தண்ணியில ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் சவர்க்காரத் துளியும் போதுமாம்.

கோபத்திலதான் எழுதுறன். ஆனா செய்யுங்க.

பத்தினிப்பிள்ளை


கல்லடி
13.01.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

அந்தப் பிள்ளை சொன்னதை எழுதியதற்கு நன்றி. யன்னலைத் திறந்தேன். சாரல் அடித்ததால் திரும்பச் சாத்திவிட்டேன். மருந்து வாங்கித் தெளித்தேன். பிகோனியாவின் தூள் குறைந்திருக்கிறது.

இலைகளை வெட்டவில்லை. அதற்கு நான் ஒரு காரணம் சொல்ல வேண்டும், சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. ஓர் அந்தூரியத்துக்கு நாலு இலை. நாலிலும் பொட்டு. நாலையும் வெட்டினால் மிஞ்சுவது தண்டு. வெட்டச் சொல்வது நீங்கள். செடி போனால் வீடு உங்கள் பக்கம் வரும். மாப்பிள்ளை பகுதியும் டவுன் பக்கம் வீடு கேட்கிறார்கள். இப்படியெல்லாம் நினைக்கிற மனிதனாக நான் எப்போது ஆனேன் என்று தெரியவில்லை. ஆனால் கத்தி எதற்கு என்று நீங்கள் சொல்ல மறுக்கிறீர்களே. சொல்லியிருந்தால் இந்த நினைப்பு வந்திருக்காது.

வெட்டாத குறையைக் கவனிப்பால் ஈடுசெய்கிறேன். கிழமைக்கு ஒருமுறை துடைத்ததை இப்போது தினமும் காலையில் துடைக்கிறேன். மருந்தின் வெள்ளைக் கறையும் போய்விடுகிறது. இருந்தும் நோய் யன்னலடிச் சாடிவரை போய்விட்டது.

ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. நேசம்மா அலுமாரிக்கு மேலே வைத்த வெள்ளை அந்தூரியம். அது எட்டாது. கீழே நின்று தகரப் போணியால் தண்ணீர் எறிவதோடு சரி. தோள்நோவு வந்த நாளிலிருந்து நான் கதிரையில் ஏறுவதில்லை. அதில் ஒரு பொட்டுக்கூட இல்லை. விஜிதரனும் அதைத் தொடவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாலசுந்தரம்


பழுகாமம்
20.01.2025

அத்தானுக்கு,

பொங்கலுக்குப் பால் பொங்கினது. எல்லாரும் சுகம்.

அலுமாரிக்கு மேல இருக்கிற சாடியை விஜிதரன் தொடல்ல. சரி.

நீங்க தொட்டீங்களா?

பத்தினிப்பிள்ளை


கல்லடி
04.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் நீங்கள் எழுதிய மறுநாளே, செவ்வாய்க்கிழமை, வந்தது. அதற்கு முதல் நாள் திங்கட்கிழமை, மின்சார மீற்றர் வாசிக்க வந்தவரைக் கெஞ்சி, அலுமாரிக்கு மேலிருந்த சாடியை இறக்குவித்தேன். அது ஒன்றாவது என் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும், யாரும் வந்து எதுவும் செய்யாதபடி கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் காவல் காப்போம் என்று நினைத்தேன். இலைகளில் ஒரே தூசி. துடைத்தேன். மற்றவற்றைத் துடைத்து முடித்த கையோடு, அதே துணியால்.

மறுநாள் உங்கள் கேள்வியை வாசித்தேன். பிறகு எழும்பிக் கதவடிக்குப் போய், துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, துடைக்காமல், துடைக்கும் வழியில் நடந்து பார்த்தேன். சிவப்பு. அடுத்தது. அதற்கடுத்தது. யன்னலடி. நோய் வந்த வரிசை என்னுடைய வரிசை. நேசம்மாவும் துடைத்தவள்தான். ஆனால் அவள் காலத்தில் செடிகள் நோயில்லாமல் வெளியில் காற்றில் நின்றன. நான் நோய் வந்த இலையைத் துடைத்த ஈரத்தோடு நோய் இல்லாத இலைக்குப் போனேன். தெளித்த மருந்தையும் ஒவ்வொரு நாளும் நானே துடைத்து எடுத்தேன். யன்னலைச் சாத்தி வைத்து, பங்கசுக்கு என்ன வேண்டுமோ அதையெல்லாம் ஊழியம்போலச் செய்திருக்கிறேன். ஒரு இலையும் விடுபடவில்லை என்று முதல் கடிதத்திலேயே பெருமையாக எழுதியும் இருக்கிறேன்.

வெள்ளை அந்தூரியத்தில் ஒன்பதாம் நாள் பொட்டு வந்தது.

அதன்பிறகு அந்தப் பிள்ளை சொன்ன எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தேன். இலைகளை வெட்டி எரித்தேன். துணியையும் எரித்தேன். பிகோனியா பிழைத்துக்கொண்டது. ஆனால் அது நான் சந்தைக்குப் போய் வாங்கிவந்தது, நேசம்மாவுடையது அல்ல. அந்தூரியங்கள் பிழைக்கவில்லை. தண்டை நகத்தால் சுரண்டினால் உள்ளுக்கும் மண்ணிறம். சாடியைக் கவிழ்த்தால் வேர் கையோடு நழுவி வருகிறது, நாற்றமும் அடிக்கிறது. பயத்தில் தண்ணீரையும் கூட்டி ஊற்றியிருக்கிறேன்.

விஜிதரனிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பெரியப்பா பிழையாகக் கண்டுவிட்டார் என்று சொல்லுங்கள். இல்லை, சரியாகக் கண்டு பிழையாக நினைத்துவிட்டார் என்று சொல்லுங்கள். கத்தி எதற்கு என்று இனி நான் கேட்கமாட்டேன்.

அக்காவின் செடி உயிரோடு இல்லை. உங்கள் வார்த்தையிலிருந்து நீங்கள் விடுபட்டுவிட்டீர்கள். சிவானுஜாவின் கலியாணக் காரியம் எப்போது என்று எழுதினால் அதற்கு முன் நான் வாகரைக்குப் போய்விடுவேன். தம்பி வீட்டில் ஓர் அறை இருக்கிறது. சாமான் அதிகம் இல்லை. அலுமாரி நேசம்மாவுடையது, அது வீட்டோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாலசுந்தரம்


பழுகாமம்
12.02.2025

அத்தானுக்கு,

வாகரைக்குப் போற ஆள் கொஞ்சம் பொறுங்க. சாமானைக் கட்டியிருந்தா அவிழுங்க.

கத்தி எதுக்கெண்டு இப்ப சொல்றன். எங்கட அம்மா சொல்லுவா, செடியைக் கேட்டு வாங்கி நட்டா வராது, களவெடுத்து நட்டாத்தான் வேர் பிடிக்கும் எண்டு. புது இலை விரியிற மட்டும் களவைச் சொல்லவும் கூடாது. நீங்க படிச்ச ஆள், சிரிப்பீங்க. நான் ரெண்டு தரம் அக்காட்டக் கேட்டு வாங்கி நட்டு ரெண்டும் பட்டுப் போனது. அக்காவே சிரிச்சா: “என்னகா பத்தினி, அடுத்த முறை நான் குளிக்கப் போற நேரமாப் பார்த்து வா.” அதுக்குள்ள அவ போயிற்றா. அதான் தீபாவளிக்கு முந்தி விஜிதரனை அனுப்பினன். “பெரியப்பா காணாம ரெண்டு பக்கக் கன்று வெட்டிற்று வாடா” எண்டன். அந்த மடையன் கண்ணுக்கு முன்னால நிண்டு வெட்டியிருக்கிறான்.

யசோதினி இன்னொண்டும் சொன்னாள். சிவப்பு அந்தூரியத்தில நோய் நுழைஞ்சது கத்தி பட்ட காயத்தாலயும் இருக்கலாமாம். அவன் தேசிக்காய் வெட்டின கத்தியைக் கழுவாமக் கொண்டு போனவன். ஆகவே முழுப் பழியையும் நீங்க ஒராளாத் தூக்க வேணாம். பாதி எங்கட.

கன்று ரெண்டும் என்ட கிணத்தடி நிழல்ல, தேங்காய் உரிமட்டைத் துண்டுக்குள்ள நிக்குது. போன கிழமை ஒண்டு புது இலை விரிச்சது. ஒரு பொட்டு இல்ல. நான் துடைக்கிறேல்ல.

நீங்க சொல் தவறாம எழுதி வைச்சிருக்கிறீங்களே, திரும்ப வாசிச்சுப் பாருங்க. அக்காட செடி உசிரோட இருக்கிற மட்டும் எண்டுதான் சொன்னன். எந்த வளவில எண்டு சொன்னனா? இதைக் கண்டுபிடிக்கக் கோட்டில வேலை செய்திருக்க வேணுமா?

சிவானுஜாக்கு நான் இருக்கிற இந்தப் பழுகாமத்து வீட்டைத்தான் எழுதுறன். மாப்பிள்ளை பகுதி முகத்தைச் சுழிச்சாங்க. மாப்பிள்ளைப் பொடியன் சுழிக்கல்ல, அது போதும். நான் பின்வளவில ஒரு குசினியும் அறையும் போட்டுக்கொண்டு இருந்திடுவன்.

உங்களுக்கு ஒரு கன்று வேணும். கேட்க வேணாம், கேட்டாத் தர மாட்டன். தந்தா வராது. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்க எல்லாரும் கோயிலுக்குப் போவம். படலை சாத்தியிருக்கும், பூட்டியிராது. நாயைக் கட்டிப் போடுவன். மிச்சம் உங்கட பாடு.

பத்தினிப்பிள்ளை


கல்லடி
04.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

போன வெள்ளிக்கிழமை உங்கள் கிணற்றடியில் ஏதும் காணாமற் போயிருந்தால், அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அன்று களுவாஞ்சிக்குடியில் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். அங்கிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து ஒரு வயதானவர் வந்ததாக யாராவது சொன்னால், அந்த ஊரில் வயதானவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆனாலும் சில கேள்விகள் எழுகின்றன. களவு போகக்கூடிய கன்றுக்குப் பக்கத்தில் ஸ்பிரித்துப் போட்டுத் துடைத்த கத்தியை யார் வைத்தது? அருகில் கதிரை எதற்கு? கதிரையில் மூடி வைத்த தேத்தண்ணி, சீனி குறைத்து, ஆறாமல் இருந்தது எப்படி? கோயிலுக்குப் போனவர்களின் வீட்டுக்குள் யாரோ சிரித்ததும், ஒரு பெண்பிள்ளை “உஸ், அண்ணா” என்றதும் என் காதுக் கருவியிலேயே கேட்டது என்றால், அது சிறிய சிரிப்பாக இருந்திருக்க முடியாது. இவை சந்தேகத்துக்கு இடமானவை. விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கப் போவதில்லை.

இங்கே விறாந்தையில், காற்றுப் படும் இடத்தில், புதிதாக ஒரு சாடி இருக்கிறது. மரத்தட்டும் வந்துவிட்டது. கன்று எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு, புது இலை விரியும்வரை பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

இலையில் தூசி படிந்திருக்கிறது. தினமும் காலையில், முன்பு துடைத்த நேரத்தில், கையைக் கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாலசுந்தரம்